இரண்டு நாற்காலி, ஒரே வேலை

ஐரோப்பிய நாடாளுமன்றத்தை உள்ளூரில் விலைபோகாத அரசியல்வாதிகளின் ஓய்வில்லம் என்று கேலி செய்வோர் உண்டு. வடஅயர்லாந்தின் ஜான் ஹியூமுக்கு அது பொருந்தாது. டெரி நகரத்துக்காரரான அவர் 1979 முதல் 2004 வரை அங்கே உறுப்பினர். 1983 முதல் 2005 வரை லண்டன் நாடாளுமன்றத்திலும் இருந்தார். லண்டனில் அவர் கட்சி ஒரு கைப்பிடி அளவே. ஐரோப்பிய நாடாளுமன்றம் கூடும் ஸ்ட்ராஸ்பூர்க்கிலோ பெரிய சோஷலிச அணியில் ஒருவர். பிரிட்டிஷ் அரசு முகம் சுளித்தும், வடஅயர்லாந்து குறித்த ஹாகரப் அறிக்கையை அந்த அவை 1984இல் ஏற்றது. 1979இல் ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து பாலம் வழியே ஜெர்மனியின் கேலுக்கு நடந்துபோனதை ஹியூம் தன் நோபல் உரையில் நினைவுகூர்ந்தார். தலைமுறைக்கு ஒருமுறை வெட்டிக்கொண்ட பிரான்சும் ஜெர்மனியும், வேற்றுமையை மதிக்கும் பொது அமைப்புகளால் சேர்ந்திருக்கின்றன என்பதே அவர் கண்ட பாடம். வடஅயர்லாந்தின் 1998 சமாதான ஒப்பந்தத்தில் உள்ள அதிகாரப் பகிர்வு அரசும் வடக்கு–தெற்கு அமைச்சர் குழுவும் அந்தச் சிந்தனையின் சாயல் கொண்டவை.

சமாதானத்துக்கு அமெரிக்க அழுத்தமும், சின் ஃபெயின் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸுடன் ஹியூம் நடத்திய பேச்சும்தானே காரணம் என்று கேட்கலாம். காரணம்தான், ஆனால் பேச உட்காருவது வேறு, உட்கார்ந்தபின் மேசையில் வைக்க ஒரு வரைபடம் இருப்பது வேறு. இரு பதவிகளால் இரண்டும் அரைகுறையாகும் என்ற குறையில் நியாயம் உண்டு. 2004 தேர்தலோடு அந்த வழக்கத்துக்கு ஐரோப்பாவே பொதுவாகத் தடை போட்டது. ஹியூமுக்கு முந்திக்கொண்டு அது வந்திருந்தால் இழப்பு பெல்ஃபாஸ்ட்டுக்குத்தான்.