டூ-டு-த்ரீ தொடாத வகுத்தல் குறி

பைதான் 2-ல் எழுதிய பழைய நிரல் ஒன்றை 3-க்கு மாற்ற உட்கார்ந்தேன். அதற்கென்றே பைதானோடு வந்த கருவி டூ-டு-த்ரீ. ஓட்டியதும் பிரிண்ட் எல்லாவற்றுக்கும் அடைப்புக்குறி வந்தது, எக்ஸ்ரேஞ்ச் ரேஞ்ச் ஆனது. என் கமெண்ட், இடைவெளி எதுவும் கலையலை. கம்பைலர் இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிடும். இந்தக் கருவியோ ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் இருந்ததை அந்தச் சொல்லோடேயே மரத்தில் கட்டி வைக்கிறது. வேலை முடிஞ்சுதுன்னு நினைத்தேன்.

முடியலை. 130 பொருள், பெட்டிக்கு 12. முழுப் பெட்டி 10 என்று வரணும், 10.83 வந்தது. அதை லாரி வாடகையால் பெருக்கி பில்லும் போட்டுவிட்டது. பிழைச் செய்தியே இல்லை!

பைதான் 2-ல் இரண்டு முழு எண்களை வகுத்தால் பின்னம் போய்விடும். 3-ல் தசமம் வரும். கருவி வகுத்தல் குறியைத் தொடவே இல்லை. எப்படித் தொடும்? இருபுறமும் இருப்பது முழு எண்ணா, தசமமா என்று வரியை மட்டும் படித்துச் சொல்ல முடியாதே. ஓட்டினால்தான் தெரியும். அதனால் பழைய நிரலை பைதான் 2-லேயே, 'கியூவார்ன்' என்ற தேர்வோடு ஓட்டினேன். முழு எண் வகுபடும் இடத்திலெல்லாம் அது எச்சரிக்கும், அந்த வரி ஓடினால் மட்டும்.

இன்னொரு வேடிக்கை. பைதான் 3.9-ல் புது பார்சர் வந்தது. அதை நம்பி மொழியில் சேர்ந்த இலக்கணத்தை டூ-டு-த்ரீயின் பழைய பார்சரால் படிக்க முடியலை. 2024-ல் வந்த 3.13-ல் கருவியையே எடுத்துவிட்டார்கள்.

என் நிரலில் ஆண்டு இறுதிக்கு மட்டும் ஓடும் பகுதி ஒன்று இருக்கு. அதைக் கையாலதான் பார்த்துக்கிட்டிருக்கேன்.