சர்க்கரைக்குச் சத்து மாத்திரை போதுமா?

"சர்க்கரை வியாதிக்குச் சத்து மாத்திரை மட்டும் போதுமா?" எங்கள் பழவேற்காட்டில் பெண்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. போதாது, சகோதரிகளே! அது துணைதான், மருந்தல்ல. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. அதை நிறுத்திவிட்டுச் சத்துப் பொடி டப்பாவுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

ஆனால் ஒரு சத்தை மட்டும் கவனிக்க வேண்டும். மெட்பார்மின் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிடும் சிலருக்கு, உணவிலுள்ள பி-12 வைட்டமின் உடம்பில் சரியாகச் சேர்வதில்லை. சோகை வரும், கை கால் மரத்துப் போகும். சர்க்கரையாலும் மரத்துப் போகும் என்பதால், எது எதனால் என்று தெரியாது.

ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிப்பவர் எங்கள் அத்தை. "கிளிஞ்சல் கிழிச்சதே தெரியலைம்மா, ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது" என்றார். சர்க்கரைக்காரர்களுக்கு ஆறாத புண் காலுக்கே ஆபத்து! டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்தப் பரிசோதனையில் பி-12 குறைவு; ஊசி போட்டார்கள்.

மீன், நண்டு, முட்டை, பால் எல்லாவற்றிலும் பி-12 உண்டு. நல்ல மீனையெல்லாம் கூடையில் விற்றுவிட்டு வெறும் ரசஞ்சோறு சாப்பிடாதீர்கள்; உங்கள் தட்டுக்கும் இரண்டு துண்டு எடுத்து வையுங்கள்!

ஊறவைத்த வெந்தயம் சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்க உதவும், மாத்திரைக்கு ஈடாகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதப் பொடியைத் தொட வேண்டாம். தினமும் படுக்குமுன் பாதத்தைப் பாருங்கள். மரத்துப் போனால் கடைக்கு ஓடாமல், முதலில் டாக்டரிடம் "பி-12 பார்க்கலாமா?" என்று கேளுங்கள்.