வானில் ஏறுபவனின் நெஞ்சு

அல்அன்ஆம் அத்தியாயத்தின் 125ஆவது வசனத்தில், வழிகேட்டில் விடப்பட்டவனின் நெஞ்சு இறுகுவதற்கு வானில் ஏறுபவனின் நிலையை அல்லாஹ் உவமையாகக் கூறுகிறான். பயான்களில் நாம் அடிக்கடி கேட்கும் வசனம் இது. ஆனால் மேலே ஏறினால் உடலுக்கு என்னதான் ஆகிறது?

1977 ஆகஸ்ட் 31 அன்று சோவியத் சோதனை விமானி அலெக்சாந்தர் ஃபெதோதவ், மாற்றியமைக்கப்பட்ட மிக்-25 போர் விமானத்தில் 37,650 மீட்டர் உயரத்தைத் தொட்டார். எவரெஸ்டைப் போல நான்கு மடங்குக்கும் அதிகம். தரையிலிருந்து கிளம்பும் ஜெட் விமானங்களில் இந்தச் சாதனை இன்றும் முறியடிக்கப்படவில்லை.

உண்மையில் அந்த உச்சியில் விமானம் பறப்பதில்லை. காற்று போதுமான அளவு இருக்கும் உயரத்திலேயே அசுர வேகம் எடுத்து, மூக்கை மேல்நோக்கித் தூக்கி, வீசியெறிந்த கல்லைப் போல மேலே போகிறது. எரிபொருள் எரியவே அங்கே காற்று போதாது. இறக்கைக்கும் பிடிமானம் இல்லை. அதனால் அங்கே தங்க முடியாது. உச்சியைத் தொட்டதும் இறங்கியே ஆக வேண்டும்.

காற்றில் பிராணவாயுவின் விகிதம் மேலேயும் 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். 5,500 மீட்டரிலேயே அது பாதியாகிவிடுகிறது. சுமார் 12,000 மீட்டருக்கு மேல் சுத்தமான பிராணவாயுவைச் சாதாரணமாகச் சுவாசித்தாலும் போதாது. சுமார் 19,000 மீட்டரில் நம் உடல் வெப்பத்திலேயே நீர் கொதிக்கும்; நாக்கின் ஈரம்கூட ஆவியாகும். ஆகவேதான் விமானிக்கு உடலை அழுத்திக் காக்கும் தனி உடை.

இவ்வசனத்தை விஞ்ஞான அற்புதமாக மட்டும் பேசி முடிப்பவர்களிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வசனம் பேசுவது உள்ளத்தைப் பற்றி. மேலும், பிராணவாயு குறையும்போது எல்லோருக்கும் மூச்சு முட்டுவதில்லை. சிலருக்கு இனம்புரியாத உற்சாகம் வரும். எல்லாம் சரியாக இருப்பதாகவே நினைப்பார்கள். அறிவு மங்குவது அவர்களுக்கே தெரியாது. அதுதான் பெரிய ஆபத்து.

உம்ராவுக்குக் குடும்பத்துடன் செல்வோர் இதைக் கவனிக்க வேண்டும். பயணிகள் விமானம் 10,000 மீட்டருக்கு மேல் பறக்கிறது. உள்ளே அழுத்தம் குறைந்து முகமூடி கீழே விழுந்தால், சுயநினைவோடு செயல்பட ஒரு நிமிடம்கூடக் கிடைக்காமல் போகலாம். பெற்ற மனம் முதலில் பிள்ளைக்குத்தான் மாட்டப் பார்க்கும். முதலில் நீங்கள் அணியுங்கள், உடனே பிள்ளைக்கு அணிவியுங்கள். நீங்கள் மயங்கிவிட்டால் பிள்ளைக்கு மாட்டிவிட அங்கே வேறு ஆள் இல்லை.