கடலில் இறங்கிய ராட்சத விமானம்!

வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போயிருக்கிறீர்களா? ஏழடி உயர முருகனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கமெல்லாம் தொழிற்சாலைகள், வீடுகள், பள்ளிக்கூடங்கள். கிழக்கே போனால் சென்னை. அதைத் தாண்டினால் வங்காள விரிகுடா. வடமேற்கே அரக்கோணம். அங்கே இருக்கிறது, 'ஐ.என்.எஸ். ராஜாளி' என்ற கடற்படை விமான தளம்.

2024 செப்டம்பர் 18, பிற்பகல் 2 மணி. ராஜாளியைத் தளமாகக் கொண்ட 'சீ கார்டியன்' என்ற ஆளில்லா விமானம் கண்காணிப்புப் பணியில் இருந்தது. ஆளில்லா விமானம் என்றதும் கல்யாண வீட்டில் படம் பிடிக்கும் குட்டி டிரோனை நினைத்துவிடாதீர்கள். இதன் இறக்கைகள், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 24 மீட்டர்! தரையில் ஓர் அறையில் உட்கார்ந்தபடி விமானி இதை ஓட்டுவார்.

அன்று திடீரென்று தொழில்நுட்பக் கோளாறு. பறக்கும்போதே சரிசெய்யப் பார்த்தும் முடியவில்லை. என்ன செய்வது? கடலிலிருந்து அரக்கோணம் சுமார் 65 கிலோமீட்டர். இடையில் லட்சக்கணக்கான மக்கள். கோளாறான விமானம் அவர்கள் தலைக்கு மேலே வரலாமா? சென்னைக்கு அப்பால், கடலில் பாதுகாப்பான இடத்துக்கு அதைக் கொண்டுபோய், கட்டுப்பாட்டோடு தண்ணீரில் இறக்கினார்கள். விமானம் போனது, மக்களுக்கு ஆபத்தில்லை. இப்படி இறக்குவதற்கு 'டிச்சிங்' என்று பெயர்.

தண்ணீர்தானே, மெத்தை மாதிரி இருக்கும் என்கிறீர்களா? குளத்தில் குதிக்கும்போது வயிறு அடிபட விழுந்தவர்களைக் கேளுங்கள், சுளீரென்றிருக்கும்! தண்ணீர், காற்றைவிட சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. வேகமாக மோதினால் விமானம் நொறுங்கிவிடும். அதனால் வேகத்தைக் குறைத்து, மூக்கைச் சற்றே தூக்கி, சக்கரங்களை உள்ளே மடக்கி இறக்க வேண்டும். சக்கரம் நீட்டிக்கொண்டிருந்தால் தண்ணீரில் சிக்கி, விமானம் குப்புறக் கவிழ்ந்துவிடலாம். 2009 ஜனவரி 15ல், நியூயார்க்கில் வாத்துகள் மோதி இரண்டு எஞ்சின்களும் செயலிழந்த பயணிகள் விமானத்தை, விமானி சல்லன்பெர்கர் ஹட்சன் ஆற்றில் இறக்கினார். உள்ளே இருந்த 155 பேரும் பிழைத்தார்கள்!

ஹெலிகாப்டர் கதை வேறு. அதன் எஞ்சின் தலைமேல் இருப்பதால், தண்ணீரில் விழுந்ததும் தலைகீழாகப் புரண்டுவிடும். ராஜாளியில் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியும் இருக்கிறது. கடல்மேல் பறப்பவர்கள், தண்ணீருக்குள்ளிருந்து தப்பிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். இதற்காகவே கொச்சியில் கடற்படைக்கு ஒரு பயிற்சி நிலையம் உண்டு. ஹெலிகாப்டர் போன்ற கூண்டில் வீரர்களை உட்காரவைத்து, பெல்ட் போட்டு, நீச்சல் குளத்தில் இறக்கித் தலைகீழாகப் புரட்டிவிடுவார்கள்! மூக்கில் தண்ணீர் ஏறும். மேல் எது, கீழ் எது என்றே தெரியாது. உடனே பெல்ட்டைக் கழற்றினால் உள்ளேயே மிதந்து திசை மாறிவிடுவோம். அதனால் மூச்சை அடக்கி, ஜன்னல் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கூண்டு ஆடி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகுதான் பெல்ட். பிடித்த கையை மட்டும் விடவே கூடாது. வெளியே போகும் வழியைக் காட்டுவது அந்தக் கைதான்!