84 நாள் ஓரிடத்தில் இருக்காதவர்கள்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரில் கிடைத்த திண்ணையில் படுத்தெழும் சாதுக்களிடம் ஆதார் அட்டை கேட்டால் எங்கே போவார்கள்? ஊரையும் உறவையும் விட்டு அண்ணாமலையாரே கதி என்று வந்தவர்கள் பலர். 2021-ல் கொரோனா இரண்டாம் அலை உயிர்களை வாரிக்கொண்டு போன நேரத்தில், தடுப்பூசி போட கோவின் தளம் ஏழு அடையாள அட்டைகளில் ஒன்றைக் கேட்டது.

மே 6-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் இதற்கு வழி திறந்தது. நாடோடிகள், சாதுக்கள், சாலையோரம் கையேந்துவோர், மறுவாழ்வு முகாம்களில் இருப்போர் ஆகியோருக்கு அட்டை இல்லாமலே ஊசி போடலாம். அவர்களுக்காகப் பொறுப்பேற்கும் ஒருவரிடம் அட்டையும் கைபேசியும் இருந்தால் போதும். மனமார வரவேற்க வேண்டிய உத்தரவு.

ஆனால் ஒரே வாரத்தில், மே 13 அன்று, கோவிஷீல்டின் இரண்டு தவணைகளுக்கு நடுவே இருந்த 6-8 வார இடைவெளி 12-16 வாரமாக நீண்டது. குறைந்தது 84 நாள்!

ஓரிடத்தில் தங்கியிருக்கும் இலங்கைத் தமிழர் அகதிகளின் முகாம்களில் இந்த இடைவெளி பெரிய இடர் அல்ல. திருவண்ணாமலை உட்பட 29 மாவட்டங்களின் முகாம்களில் அப்போது 18,944 குடும்பங்கள், 58,822 பேர் இருந்தார்கள். குடியுரிமை இல்லாவிட்டாலும் வீட்டு எண் உண்டு. மாதப் பணக்கொடைக்கான பதிவேடு உண்டு. வெளியே போனால் கேள்வி கேட்கும் அதே பதிவேட்டைப் பார்த்து, செவிலியர் அடுத்த தவணைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.

சாதுவை எங்கே தேடுவது? இன்று ஈசான்ய லிங்கத்தருகே இருப்பவர், அடுத்த பௌர்ணமிக்குள் ராமேஸ்வரத்திலோ காசியிலோ இருப்பார். இத்தகையோருக்கென்று, நான்கு வாரத்தில் இரண்டாம் ஊசி போடக்கூடிய கோவாக்சினை முதலிலேயே ஒதுக்கியிருக்க வேண்டும் என்பேன். ஒரே ஊசியில் முடியும் ஜான்சன் தடுப்பூசிக்கு 2021 ஆகஸ்டில் அவசர அனுமதி கிடைத்தும், அது நம் அரசு முகாம்களுக்கு வரவே இல்லை.

காலரா விஷயத்தில் உலகம் வேறு முடிவெடுத்தது. 2022 அக்டோபரில் மருந்துத் தட்டுப்பாடு முற்றியபோது, நோய் பரவும் இடங்களில் இரண்டு தவணைக்குப் பதில் ஒன்றே போதும் என்று அறிவித்தார்கள். பாதுகாப்பு நீடிக்கும் காலம் குறையும். ஆனால் இரட்டிப்புப் பேருக்குக் கிடைக்கும். மழைக்கும் போருக்கும் ஓடுகிறவர்கள் இரண்டாம் தடவை அகப்பட மாட்டார்கள் என்பதைக் களத்தில் நின்றவர்கள் முன்பே அறிவார்கள்.

அடுத்த கொள்ளைநோய்க்கான திட்டத்தை எழுதும்போது, ஊசிக் குழுவை ஆசிரம வாசல்களின் மதியச் சாப்பாட்டு வரிசைக்கே அனுப்புங்கள். குளிர்பெட்டியில் குறுகிய இடைவெளி மருந்தும், கையில் கொடுத்தனுப்பத் தேதி எழுதிய சீட்டும் இருக்கட்டும். காசியில் இருக்கும் செவிலியரும் அந்தச் சீட்டை ஏற்க வேண்டும்.