உப்பை வழியிலேயே இறக்கிவிடும் நெல்

பெரிய முதலியார்சாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் மரக்காணம். பாத்தி பாத்தியாக உப்பளம் வெயிலில் மின்னும். உப்பு வாருகிறவர்களுக்கு அது பிழைப்பு. அதே உப்பு சற்று மேற்கே நகர்ந்து நெல்வயலுக்குள் நுழைந்தால் அந்தப் போகம் போயிற்று. பக்கத்துக் கழுவேலியில் இந்த இரண்டு உலகங்களும் ஒரே நீர்ப்பரப்பில் இருக்கின்றன. வடக்குப் பக்கம் முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறுகிறது. தெற்கே மழைத்தண்ணீர் நன்னீராகத் தேங்குகிறது.

கண்ணில் படாமலும் உப்பு வரும். கடற்கரை மண்ணுக்கடியில் நன்னீர், தன்னைவிடக் கனமான கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் நின்றால், அதைத் தாங்கக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் திக்கென்றிருக்கிறது. போர்வெல் இறைத்து நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால், அடியிலிருந்து உப்புநீர் மெல்ல மெல்ல 40 மீட்டர் வரை மேலேறலாம்.

நெல்லுக்கு இது ஏன் ஆகாது? வயல்நீரில் உப்பு கூடினால், தண்ணீரில் நின்றபடியே பயிர் தாகத்தில் வாடும். வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதற்கடுத்து விஷம். சாம்பல்சத்தான பொட்டாசியத்தின் வேடத்தில் சோடியம் வேருக்குள் புகுந்து, நீரோடு ஏறி, இலையில் சேர்கிறது. இலைநுனி காய்ந்து சுருள்கிறது. மண்ணின் உப்பை மின்கடத்தும் திறனை வைத்து அளக்கிறார்கள். கடல்நீர் சுமார் 50 அலகு. நெல் 3 அலகைத் தாண்டும்போதே தடுமாறுகிறது. அதற்குமேல் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சலில் ஏறக்குறைய 12 சதவீதம் குறைகிறது. 7 அலகில் பாதி மகசூல் போய்விடும்.

நம் உழவர்கள் கெட்ட நிலத்தை ஒரே பெயரால் அழைக்கவில்லை. உவர் என்றார்கள், களர் என்றார்கள். ஆய்வகமும் இதே கோட்டைத்தான் போடுகிறது. உவரில் கரையும் உப்பு மிகுதி. வெள்ளைப் பொருக்குத் தட்டும். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி வடித்தால் பெரும்பாலும் தேறிவிடும். களரில் சோடியம் களிமண் துகளையே பற்றிக்கொண்டிருக்கும், கார அமிலநிலை (pH) 8.5-க்கு மேல் போகும். மண் இறுகித் தண்ணீரைக் கீழே விடாது. அதற்கு ஜிப்சம் வேண்டும். ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். விடுபட்ட சோடியம் வடிநீரோடு போகும். பிறகு தக்கைப்பூண்டை மடக்கி உழுவார்கள். களர்ப்பாலை, உவர்முண்டான் என்று நெல்லுக்கே பெயர் வைத்திருக்கிறார்களே, எத்தனை தலைமுறைப் பட்டறிவு அது!

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1982-இல் வெளியிட்ட கோ 43 இத்தகைய நிலங்களைத் தாங்கிய நெல். ஆனால் என் மனம் அதிகம் நிற்பது திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் உள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியில்தான். அந்தக் கல்லூரியின் நிலமே களர். வேளாண்மை கற்பிக்க வந்தவர்களுக்கு இப்படி ஒரு மண் வாய்ப்பது சோதனை என்று தோன்றும். அதுவே அவர்களுடைய பெரிய சொத்து என்பேன். நல்ல மண்ணில் எந்த நாற்றும் நன்றாகத்தான் நிற்கும். எது தாங்கும், எது சாகும் என்பதைக் களர் மறைக்காமல் காட்டிவிடும். 1995-இல் அங்கிருந்து டிஆர்ஒய் 1 வந்தது. 2010-இல் ஆடுதுறை 43-ஐயும் சீரகச் சம்பாவையும் சேர்த்து உருவாக்கிய டிஆர்ஒய் 3 வந்தது. பிரியாணிக்குப் பேர்போன ஒரு நெல்லின் வாரிசு களர்நிலத்தில் கதிர் வைக்கிறது.

சில நெல் மட்டும் எப்படித் தாங்குகிறது? வங்காளத்து உவர்நிலப் பழைய நெல்லான நோனா போக்ராவை ஆராய்ந்த சீன அறிஞர்கள் 2005-இல் விடை சொன்னார்கள். தண்டுக்கு நீரேற்றும் குழாயை ஒட்டிய செல்களில் ஒரு புரதம் வாயிலாக நிற்கிறது. மேலேறும் சாற்றிலிருந்து சோடியத்தைப் பிடித்து வழியிலேயே இறக்கிவிடுகிறது. இலைக்குப் போவது குறைகிறது. உப்புக்கு அஞ்சும் நெல்லிலும் அதே வாயில் உண்டு. புரதச் சங்கிலியில் நான்கே நான்கு கண்ணிகள்தாம் வேறு.

இந்தப் புரதத்துக்கான மரபணு முதலாம் குரோமோசோமில் இருக்கிறது. கேரளத்தின் பொக்காளி நெல்லிலும் அதே பகுதி, 'சால்டால்' என்ற பெயரில், உப்பைத் தாங்க உதவுகிறது. பொக்காளி உயரமாக வளர்ந்து சாயும், விளைச்சலும் குறைவு. அதனால் அந்தத் துண்டை மட்டும் நாம் சாப்பிடும் வெள்ளைப் பொன்னிக்குள் சேர்க்கும் வேலையைக் கோவை ஆய்வாளர்கள் செய்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றின் இலையைக் கிள்ளி, டி.என்.ஏ. அடையாளம் பார்த்து, துண்டு வந்து சேர்ந்த செடியை மட்டும் மீண்டும் பொன்னியோடு கலப்பார்கள். பிறகு பரீட்சை: தெர்மகோல் பலகைத் துளைகளில் நாற்றை நிறுத்தி, 12 அலகு உப்புநீரில் மிதக்கவிட்டு, 1 முதல் 9 வரை மதிப்பெண். இதில் மட்டும் 1 வாங்கியதே முதல் மாணவன். 9 என்றால் செத்த நாற்று.

சால்டால் காப்பது பெரும்பாலும் நாற்றுப் பருவத்தை. நெல் உப்புக்கு மிக அஞ்சும் இன்னொரு பருவம் பூக்கும் காலம். அதைத் தாங்கும் மரபணுக்கள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன, ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. அவற்றை ஒரே செடியில் கூட்ட, செடிகளைக் கையால் கலக்க வேண்டும். நெற்பூ காலையில் சிறிது நேரமே திறக்கும். அது திறந்து தன் மகரந்தமே தன்மேல் விழுவதற்குள் மகரந்தப் பைகளை நீக்கிவிட வேண்டும் என்பதால், கத்தரியும் இடுக்கியுமாக ஒரு மாணவி வெயில் ஏறும் முன்பே வரப்பில் வந்து உட்கார்ந்திருப்பாள்.