பிக்கப்புக்குத் தனி ஆயில் கூலர் வேணுமா?

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது புண்ணாக்கு மூட்டை, இறங்கும்போது முட்டைக்கோஸ். வண்டி நடுவழியில் நின்றால் அன்றைய சந்தை போச்சு. அதனால்தான் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் கூலர் மாட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள்.

அது ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கானது. அதில் கிளட்சுக்குப் பதில் டார்க் கன்வெர்ட்டர். எண்ணெய் வழியாகத்தான் விசை போகும். பாரம் இழுத்தால் எண்ணெய் காயும். காற்றுப்படும் இடத்தில் கூலரை மாட்டி, குழாய் வழியே எண்ணெயைச் சுற்றவிட்டு ஆற்றுவார்கள். நம்ம சுமை வண்டிகள் பெரும்பாலும் கையால் கியர் போடுபவை. பல்சக்கரம் வாரியிறைக்கும் எண்ணெயே போதும்; அளவு குறையக் கூடாது, அவ்வளவுதான்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆறியபின் கியர்பாக்ஸ் பக்கவாட்டில் எண்ணெய் ஊற்றும் துளையின் மூடியைக் கழற்றுங்க. துளையின் கீழ்விளிம்பு வரை எண்ணெய் நிற்கணும். குறைந்திருந்தால் கசிவைத் தேடுங்க.

ஏற்றத்தில் நம்மை நிறுத்துவது பெரும்பாலும் இன்ஜின் சூடு. ரேடியேட்டர் இடுக்கில் வைக்கோல் தூசி அடைத்திருக்கும். இன்ஜின் ஆறியபின், உள்பக்கமிருந்து வெளியே, மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்க. ரேடியேட்டருக்குள் போர் தண்ணீர் ஊற்றாதீங்க, உப்பு படியும், கூலண்ட்தான் ஊற்றணும்.

உரம் வாங்கும் முன் மண்ணைப் பார் என்கிறோமே, வண்டிக்கும் அதேதான்.